பளபளக்கும் ரைஃபிள் ஸ்டாக்கை உரித்து மறுபூச்சிடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பழைய வேட்டை ரைஃபிள்களைக் கைமாற்றாக வாங்கும் நண்பர்கள், அவற்றின் மரக்கட்டையை, அதாவது ஸ்டாக்கை, என்ன செய்வது என்று திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் கேட்கப்படுவது ரெமிங்டன் நிறுவனத்தின் 700 ரைஃபிளில் பிடிஎல் என்னும் வகை பற்றி என்பதால் பதில்களும் அதைச் சுற்றியே அமைந்துள்ளன. வால்நட் மரத்தில் கடினமான பளபளப்புப் பூச்சு கொண்ட பிற ஸ்டாக்குகளுக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும்.

கண்ணாடி மாதிரி மின்னுகிறதே, இது என்ன பூச்சு? சாதாரண வார்னிஷ்தானே?

சாதாரண வார்னிஷாக இருந்தால் இத்தனை கேள்விகள் எழுந்திருக்காது. 1962இல் ரெமிங்டன் 700 சந்தைக்கு வந்தபோது அந்நிறுவனத்தின் பெரும்பங்கு டூபாண்ட் வேதிப்பொருள் நிறுவனத்தின் கையில் இருந்தது. பிடிஎல் வகை ஸ்டாக்குகளில் இடப்பட்ட ஆர்.கே.டபிள்யூ என்னும் பூச்சும் டூபாண்டிடமிருந்து வந்ததுதான். பந்து மோதி மோதியும் உரியாமல் இருக்க வேண்டிய பௌலிங் கட்டைகளுக்கான பூச்சின் வழியில் வந்தது என்று அதைப் பற்றிச் சொல்வார்கள். காய்ந்தபின் அது இறுகிப் பிணைந்த ஒரு பிளாஸ்டிக் படலமாகிவிடுவதால் தின்னரோ ஸ்பிரிட்டோ அதைக் கரைப்பதில்லை. 1958இல் வந்த வெதர்பி மார்க் 5 ரைஃபிளின் ஸ்டாக்கும் இதேபோல் தடித்த பளபளப்புப் பூச்சுக்குப் பெயர்போனது.

உங்கள் ஸ்டாக்கில் இருப்பது எது என்று தெரியாவிட்டால், பின்தட்டைக் கழற்றி, வெளியே தெரியாத ஓர் ஓரத்தில் பஞ்சால் முதலில் ஸ்பிரிட்டையும் பிறகு லாக்கர் தின்னரையும் தொட்டுப் பாருங்கள். ஸ்பிரிட்டில் பிசுபிசுத்தால் அது அரக்குப் பூச்சு. தின்னரில் இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் மேலே சொன்ன பிடிவாதமான இனம்.

எனக்குப் பளபளப்பு மட்டும்தான் பிடிக்கவில்லை. அதற்காக எல்லாவற்றையும் உரிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. பூச்சு முழுமையாக இருந்து, வெயிலில் கண்ணாடிபோல் மின்னி மானுக்கு நம் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுப்பது மட்டுமே குறை என்றால், மிக மெல்லிய நான்கு பூஜ்ய ஸ்டீல் வுல்லாலோ சாம்பல் நிறத் தேய்ப்புப் பஞ்சாலோ மர இழை ஓடும் திசையில் லேசாகத் தேய்த்து மெழுகிட்டால் போதும். பளபளப்பு அடங்கிப் பட்டுபோன்ற மங்கல் வந்துவிடும். நீர் புகாத தன்மையும் கெடாது. என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு இந்த இடத்திலேயே வேலை முடிந்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

பூச்சு வெடித்து, அடியில் வெண்மை படர்ந்து, ஓரங்களில் செதில்செதிலாகப் பெயர்ந்திருந்தால் மட்டும் உரிக்கும் யோசனைக்கு வாருங்கள்.

பழைய துப்பாக்கி. உரித்தால் விலை குறைந்துவிடுமா?

சேகரிப்போர் தேடும் துப்பாக்கியாக இருந்தால் நிச்சயமாகக் குறையும். 1936 முதல் 1963 வரை தயாரான வின்செஸ்டர் மாடல் 70 ஸ்டாக்கில் ஆலையிலிட்ட பூச்சு கீறலோடு இருந்தாலும், புதிதாகப் பூசிய அழகான ஸ்டாக்கைவிட அதற்கே மதிப்பு அதிகம். எம்1 காரண்ட் போன்ற ராணுவத் துப்பாக்கிகளின் மரத்தில் பரிசோதகர்களின் முத்திரைகள் குத்தப்பட்டிருக்கும். உப்புத்தாள் ஒருமுறை அவற்றின் மேல் ஓடினால் அவை என்றென்றைக்குமாகப் போய்விடும்.

ஆயிரக்கணக்கில் வெளிவந்த, ஏற்கெனவே அடிபட்ட ஒரு 700 பிடிஎல்லுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை.

ஸ்டாக்கைக் கழற்றாமல் மேலோட்டமாகச் செய்ய முடியாதா?

முடியாது. முதலில் குண்டு அறையையும் மேகசினையும் கண்ணாலும் விரலாலும் பார்த்துக் காலி என்று உறுதிசெய்து, போல்ட்டை உருவி வேறிடத்தில் வையுங்கள். பிறகு அடிப்பக்கத்துத் திருகாணிகளைக் கழற்றினால் குழலும், போல்ட் இயங்கும் உலோகக் கூடான ரிசீவரும் ஒன்றாக மேலே வந்துவிடும். திருகாணிகளின் நீளம் ஒன்றுக்கொன்று வேறுபடும் என்பதால் எது எந்தத் துளையிலிருந்து வந்தது என்று எழுதி ஒட்டிவையுங்கள். திருகாணித் தலையின் பிளவில் சரியாகப் பொருந்தும் திருப்புளியையே பயன்படுத்துங்கள்; சற்று மெலிந்த முனை வழுக்கினால் திருகாணித் தலை சிதைந்துவிடும்.

தோளில் படும் பின்தட்டு அல்லது ரப்பர் மெத்தையின் விஷயம் வேறு. பூச்சை இளக்கும் ரிமூவரைப் பூசும்போது அதைக் கழற்றிவிடுங்கள். உப்புத்தாள் போடும்போது டேப் சுற்றி மீண்டும் மாட்டிவிடுங்கள். அதன் காரணம் உப்புத்தாள் பற்றிய பதிலில் வருகிறது.

எந்த ரிமூவர் வாங்குவது? முன்பு கிடைத்த கடுமையான சரக்கு இப்போது கடையில் இல்லையே?

அந்தச் சரக்கின் உயிர்நாடி மெத்திலீன் குளோரைடு. காற்றோட்டமில்லாத அறைகளில் அதன் ஆவியைச் சுவாசித்தவர்கள் இறந்ததையொட்டி, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2019இல் அதைக் கொண்ட பெயிண்ட் ரிமூவர்களைப் பொதுமக்களுக்கு விற்பதைத் தடைசெய்தது. 2024இல் தடையை மேலும் விரித்தது. எங்கோ பரணில் கிடக்கும் பழைய டப்பாவை யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள்.

இப்போது கிடைக்கும் கூழ்வடிவ ரிமூவர்கள் மெதுவாக வேலைசெய்யும். தடிமனாகப் பூசி, காய்ந்துவிடாதபடி பிளாஸ்டிக் தாளால் சுற்றி, டப்பாவில் குறித்த நேரம் முழுவதும் பொறுத்திருக்க வேண்டும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். திறந்த வெளியே ஏற்ற இடம். பிடிஎல் ஸ்டாக்கின் முன்முனையில் உள்ள கறுப்புத் துண்டும் கைப்பிடியின் அடிமூடியும் அவற்றை ஒட்டிய வெள்ளைக் கீற்றுகளும் பிளாஸ்டிக் என்பதை மறக்க வேண்டாம். ரிமூவர் அவற்றை மென்மையாக்கிச் சிதைக்கக்கூடும். ஆகவே அந்த இணைப்புக்கு விரல் அகலம் முன்பே ரிமூவரை நிறுத்தி, எஞ்சிய பகுதியைக் கையால் சுரண்டுங்கள்.

ரிமூவர் போட்டேன், கொஞ்சமும் அசையவில்லை. நேராக உப்புத்தாள் போட்டுவிடலாமா?

ஸ்டாக்குகள் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உப்புத்தாளுக்குப் பூச்சு எது, மரம் எது என்ற பேதம் தெரியாது. பூச்சு கல்லைப்போல் கடினம், அடியிலுள்ள மரம் அதைவிட மென்மை. ஆகவே பூச்சு அறுந்த இடத்தில் தாள் சட்டென்று மரத்தைத் தின்று பள்ளமாக்கிவிடும், பக்கத்தில் பூச்சு அப்படியே நிற்கும். மேலும் அந்தக் கடினமான பூச்சு சூட்டில் இளகித் தாளை அடைத்துக்கொள்வதால், தாள்தான் கட்டுக்கட்டாகச் செலவாகும்.

கூர்தீட்டிய தச்சர் ஸ்கிரேப்பர் தகடே இதற்கு உகந்த கருவி. தகட்டை இரு கைகளாலும் பிடித்து, கட்டைவிரல்களால் நடுவில் லேசாக வளைத்து, உங்களை நோக்கிச் சற்றே சாய்த்து இழையின் திசையில் இழுத்தால், முதலில் வெண்மையான பொடியும் செதிலும் வரும். அது பூச்சு. பழுப்பு நிறத்தில் மெல்லிய சுருள் வந்த கணமே நிறுத்திவிடுங்கள்; அது மரம். கைப்பிடியின் வளைவுகளுக்கு வளைந்த விளிம்புள்ள தகடு வேண்டும். ரிமூவர் ஒருமுறை, சுரண்டல் ஒருமுறை என மாறிமாறிச் செய்தால், மேற்பரப்பு உடைந்துவிட்ட பூச்சில் அடுத்தமுறை ரிமூவர் நன்றாக இறங்கும்.

சூடான காற்றை ஊதும் ஹீட் கன் வைத்தும் பூச்சைக் கொப்பளிக்கச் செய்யலாம். ஆனால் அதை ஓரிடத்தில் நிறுத்தினால் மரம் கருகும், பிளாஸ்டிக் முனை உருகும், ரிசீவர் அசையாமல் அமர அங்கே எபாக்சி பசையால் படுகை இட்டிருந்தால் அதுவும் இளகும். மரவேலையில் கை பழகாதவருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

செக்கரிங் கோடுகளுக்குள் இருக்கும் பூச்சை எப்படி எடுப்பது?

பிடி வழுக்காமலிருக்கக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய அந்தக் கோடுகளில் ஸ்கிரேப்பரோ உப்புத்தாளோ படவே கூடாது. கூம்புகளின் முனை மழுங்கிவிடும். சுற்றிலும் வேலைசெய்யும்போது செக்கரிங்கின் எல்லைக்கோடு வரை மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கடைசியாக, கோடுகளுக்குள் மட்டும் ரிமூவர் தடவி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கோட்டின் போக்கிலேயே தேய்த்தெடுங்கள். பித்தளை பிரஷ் வேண்டாம், அது கூம்புகளைக் கிழித்துவிடும்.

ஆரம்ப கால 700களில் செக்கரிங் வெட்டப்படவில்லை, அச்சால் அழுத்தப்பட்டிருந்தது. அதை வெட்டுளியால் கூர்மையாக்கப் பார்ப்பது வீண்வேலை. உள்ளதை உள்ளபடி சுத்தம்செய்து விட்டுவிடுவதே மேல்.

எந்த எண் உப்புத்தாளில் ஆரம்பித்து எதில் முடிப்பது?

மேலே சொன்னபடி பூச்சைச் சுரண்டியே எடுத்திருந்தால் 220இல் ஆரம்பித்து 320இல் முடித்துவிடலாம். எண்ணெய்ப் பூச்சுக்கு அதற்குமேல் மெருகேற்றினால் எண்ணெய் இறங்குவதுதான் குறையும். தட்டையான பரப்பில் கட்டாயம் ஒரு கட்டையில் சுற்றியே தேயுங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் அலை அலையாகப் பள்ளம் விழும். அது பூச்சிட்டு விளக்கடியில் பார்த்த பிறகே கண்ணுக்குத் தெரியும்.

உலோகத்தோடு சேரும் விளிம்புகள்தாம் நுணுக்கமான இடம். ஆலையிலிருந்து வரும்போது மரம் உலோகத்தோடு சமமாகவோ மயிரிழை உயர்ந்தோ நிற்கும். ஸ்டாக்கில் குழல் படுத்திருக்கும் வாய்க்கால், ட்ரிகர் கார்டு, பின்தட்டு ஆகியவற்றின் ஓரங்களில் மரத்தைச் சற்றே குறைத்துவிட்டாலும் உலோகம் துருத்திக்கொண்டு நிற்கும், அந்த விளிம்பை மீட்க வழியில்லை. பின்தட்டை டேப் சுற்றி மாட்டிக்கொண்டு தேய்க்கச் சொன்னது இதற்காகத்தான்: தட்டு இருந்தால் கட்டை அதன்மேல் தாங்கி ஓடும், மரத்தின் ஓரம் உருண்டுபோகாது. வாய்க்காலின் உட்புறத்தையும் ரிசீவர் அமரும் குழியையும் தேய்க்கவே வேண்டாம்.

கடைசித் தாளுக்குப் பின், ஈரத்துணியால் மரத்தைத் துடைத்து உலரவிட்டால் நுண்ணிழைகள் மீசைபோல் எழும்பி நிற்கும். அவற்றைப் புதிய 320 தாளால் அழுத்தமின்றிச் சீவிவிடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தபின் எழுவது நின்றுவிடும். இதைத் தவிர்த்தால் முதல் மழையிலேயே ஸ்டாக் சொரசொரப்பாகும்.

அங்கங்கே அமுங்கியிருக்கிறது. பள்ளம் மறையும்வரை தேய்த்துவிடட்டுமா?

ஒரு பள்ளத்துக்காக முழுப் பரப்பையும் தாழ்த்த வேண்டாம். மரநார் நசுங்கியிருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். நசுங்கியது மட்டுமென்றால், பூச்சு நீங்கிய மரத்தின்மேல் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை மடித்து வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையால் சில நொடிகள் அழுத்துங்கள். நீராவி உள்ளே இறங்கி நாரை வீங்கச்செய்து பள்ளத்தை மேலே தூக்கும். ஆழமான பள்ளத்துக்கு இதையே சிலமுறை செய்ய வேண்டியிருக்கும். நார் அறுந்துபோன வெட்டுக்கு நீராவி பயன்படாது. நிறமிட்ட எபாக்சியால் நிரப்பலாம், அல்லது வேட்டையில் பட்ட தழும்பென்று விட்டுவிடலாம். நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

நீராவி வேலையை உப்புத்தாளுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

ரிசீவருக்குப் பின்னால் மரம் கறுத்துக் கிடக்கிறது. பிளீச் போடலாமா?

கறுப்பு இரண்டு வகை. ஆண்டுக்கணக்கில் துப்பாக்கிக்கு அளவுமீறி எண்ணெய் விட்டு, மூலையில் நிமிர்த்தி வைத்ததால் கீழே வடிந்து ஊறிய எண்ணெய்க் கறை ஒன்று. சுண்ணாம்புக்கல் பொடியை அசிட்டோனில் குழைத்து அப்பிக் காயவிட்டால் எண்ணெய் பொடிக்குள் ஏறிவரும். தட்டிவிட்டு மீண்டும் அப்புங்கள். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பும் ஹீட் கன்னும் அருகில் இருக்கக் கூடாது.

மற்றொன்று, வால்நட்டில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் ஈரத்தில் இரும்போடு சேர்ந்து உண்டாகும் நீலக்கறுப்பு. அதற்கு வெந்நீரில் கரைத்த ஆக்ஸாலிக் அமிலம் ஏற்றது; பிறகு நல்ல நீரால் பலமுறை துடைத்தெடுக்க வேண்டும். அது நச்சு, அதன் தூளும் தொண்டையை அரிக்கும். வீட்டுக்குப் பயன்படுத்தும் குளோரின் பிளீச் இரண்டுக்கும் உதவாது. இதே காரணத்தால், பூச்சில்லாத ஈர மரத்தில் ஸ்டீல் வுல் போடக் கூடாது: துளைகளில் சிக்கும் இழைத்துணுக்குகள் கரும்புள்ளிகளாகும்.

உரித்தபின் மரம் வெளிறிப்போய்விட்டது. சாயம் ஏற்ற வேண்டுமா?

ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். எண்ணெய் பட்டபின் வரப்போகும் நிறம் ஏறத்தாழ அதுதான். ஆலைப் பூச்சோடு வந்த செம்பழுப்பு போய்விட்டதால் வெளிறியதாகத் தோன்றுகிறது. நல்ல வால்நட்டுக்குச் சாயம் வேண்டியதில்லை என்றே நான் சொல்வேன். ரேகையே இல்லாத மந்தமான துண்டாக இருந்தால், ஸ்பிரிட்டில் கரையும் சாயத்தை நன்றாக நீர்த்துத் தடவலாம்.

ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய், ட்ரூ-ஆயில் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைத்தான் பூசுவது?

ஆளிவிதை எண்ணெய் மட்டும் பூசிய ஸ்டாக் பார்க்க வெதுவெதுப்பான நிறத்தோடு அழகாக இருக்கும். ஆனால் ஈரத்தைத் தடுப்பதில் அது பலவீனமானது, காயவும் நாளாகும். டங் எண்ணெய் நீரை நன்றாகத் தாங்கும், பளபளப்பு குறைவு, பொறுமை அதிகம் தேவை. பிர்ச்வுட் கேஸி நிறுவனத்தின் ட்ரூ-ஆயில் ஆளிவிதை எண்ணெயை அடிப்படையாகக் கொண்டு விரைவாகக் காயும்படி ஆக்கப்பட்ட பூச்சு. மங்கலாகவும் விடலாம், அடுக்கடுக்காகப் பூசிப் பளபளப்பாகவும் ஆக்கலாம். முதன்முறை செய்பவருக்கு என் பரிந்துரை அதுவே.

பூசும் முறை எளிது, ஆனால் கைக்கு அடக்கம் வேண்டும். விரல்நுனியில் ஓரிரு சொட்டு எடுத்து, உள்ளங்கையளவு பரப்பில் சூடேறும்வரை தேய்த்துப் பரப்பி, அடுத்த பகுதிக்குப் போங்கள். பளிச்சென்று ஈரமாகத் தெரிந்தால் எண்ணெய் அதிகம். ஓர் இரவு காயவிட்டு, தேய்ப்புப் பஞ்சால் லேசாக வருடி, துடைத்து, மறுபடி பூசுங்கள். ஆறு முதல் பத்து மெல்லிய பூச்சுகள் போதும். தடித்த ஒரே பூச்சு மேலே தோல்கட்டி, அடியில் பிசுபிசுப்பாக நின்றுவிடும்.

எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். இந்த எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து காய்கையில் வெப்பம் உண்டாகிறது. குவியலாகக் கிடக்கும் துணியில் வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீர் நிறைந்த மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.

ஊரில் தேக்குக் கதவுக்குப் போடும் அரக்குப் பாலிஷ் இதற்குச் சரிப்படுமா?

வீட்டுக்குள் மாட்டிவைக்கும் துப்பாக்கிக்கு அழகாக இருக்கும். மழையிலும் பனியிலும் போகும் துப்பாக்கிக்குச் சரிப்படாது. ஈரம் பட்ட இடத்தில் அரக்குப் பூச்சு வெண்மையாகப் படரும், ஸ்பிரிட் கலந்த கைச்சுத்திகரிப்பான் பட்டாலே இளகும்.

எனக்கு மறுபடியும் அதே கண்ணாடிப் பளபளப்புதான் வேண்டும். கையால் முடியுமா?

முடியும். வால்நட்டின் திறந்த துளைகள் மட்டத்துக்கு நிரம்பினால்தான் கண்ணாடிப் பரப்பு வரும். முதல் சில ட்ரூ-ஆயில் பூச்சுகளை நனைத்துத் தேய்க்கும் 400 எண் உப்புத்தாளால் எண்ணெயோடு சேர்த்தே தேய்த்தால், மரத்தூளும் எண்ணெயும் குழைந்த சேறு துளைகளில் அமரும். அதைத் துடைத்தெடுக்காமல் காயவிட்டு, மேற்பரப்புவரை மட்டும் தேய்த்து, துளைகள் நிரம்பும்வரை தொடருங்கள். அதன்மேல் வழக்கமான மெல்லிய பூச்சுகள். சில வாரங்கள் இறுகவிட்டுப் பிறகு ராட்டன்ஸ்டோன் என்னும் மிக மெல்லிய மெருகுப் பொடியால் மெருகேற்றுங்கள். ஆர்.கே.டபிள்யூ அளவுக்குக் கடினம் வராது; கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியும் என்பது இதன் லாபம்.

உள்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? அங்கேயும் பூச வேண்டுமா?

குறி சுடுவதைப் பொறுத்தவரை வெளிப்பக்கத்தைவிட உள்பக்கமே முக்கியம். பூச்சில்லாத வாய்க்கால் வழியே ஈரம் ஏறினால் முன்கட்டை வளைந்து குழலை ஒருபுறமாகத் தள்ளும், குண்டு படும் இடம் மாறும். வாய்க்காலிலும் பின்தட்டின் அடியிலுள்ள வெட்டுமுகத்திலும் மிக மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு இடுங்கள். ரிசீவர் அமரும் பகுதியில் தடிமன் சேரவிடாதீர்கள்.

எல்லாம் முடித்து மாட்டினேன், குறி இப்போது வேறெங்கோ போகிறது. ஏன்?

கழற்றி மாட்டினாலே கொஞ்சம் மாறுவது இயல்பு. மீண்டும் சுட்டுச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஐந்து குண்டுகளும் முன்புபோல் ஒரே இடத்தில் சேராமல் சிதறினால், திருகாணிகளின் இறுக்கத்தைப் பாருங்கள். மரஸ்டாக்குக்குச் சுமார் 40 அங்குல-பவுண்டு என்பது பொதுவான அளவு. குழல் எங்கும் தொடாதபடி அமைத்த ஸ்டாக் என்றால், ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் வாய்க்காலுக்கும் இடையில் நுழைத்து ரிசீவர்வரை இழுத்துப் பாருங்கள். தடைபடும் இடத்தில் பூச்சு தடித்திருக்கிறது. ஆனால் ஆலையிலிருந்து வந்த பல 700களில் முன்முனைக்கருகே குழலைத் தாங்கும் மேடு வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். நோட்டு அங்கே நிற்பது குறையாகாது.

நானே செய்யாமல் யாரிடமாவது அனுப்பலாமா? துப்பாக்கியைத் தபாலில் அனுப்பும் சிக்கல் வருமே?

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் ரிசீவரே துப்பாக்கியாகக் கணக்கிடப்படுகிறது. கழற்றிய ஸ்டாக் வெறும் மரத்துண்டுதான். ஆகவே ஸ்டாக்கை மட்டும் சாதாரணப் பொட்டலமாக அனுப்பலாம்.

பிரவுனிங் ரைஃபிள் ஒன்றை உரிக்கக் கழற்றினேன். மரம் தொட்ட இடமெல்லாம் துரு. என்ன செய்வது?

பூச்சு வேலையை அப்படியே நிறுத்துங்கள். 1960களின் பிற்பகுதி முதல் 1970களின் தொடக்கம் வரை வந்த பிரவுனிங் துப்பாக்கிகள் சிலவற்றின் வால்நட், விரைவில் உலரவேண்டி உப்பிட்டுப் பதப்படுத்தப்பட்டது. அந்த உப்பு ஈரத்தை இழுத்து, மரத்தோடு ஒட்டிய எஃகை அரித்தது. மேலிருந்து பார்த்தால் பளபளப்புக்கு ஒரு குறையும் தெரியாது.

பின்தட்டுத் திருகாணித் துளையின் புதிதாகச் சுரண்டிய மரத்தில் நீர்த்த சில்வர் நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விடுங்கள். பாலாக வெளுத்தால் உப்பு இருக்கிறது. உப்பு மரத்தின் உள்வரை ஊறியிருப்பதால் கழுவியோ பூசியோ அடைத்துவிட முடியாது. ஸ்டாக்கை மாற்றுவதே வழி. எஃகில் விழுந்த குழிகள் எவ்வளவு ஆழம் என்பதைத் துப்பாக்கிப் பணியாளர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகே அதில் குண்டேற்றுங்கள்.